ரெட்டைக்கூட்டுப் பட்டு

டேமேஜ் துணி இல்ல முத்துப்பேச்சி. கத்திரிய வச்சுட்டு நல்லாத் தடவிப் பாரு. அங்கன அங்கன முடிச்சு, நூலு தடிச்சும் மெலிஞ்சும் கையில தட்டுதுல்ல? இது அப்படித்தான் இருக்கும் தாயி. ரெட்டைக்கூட்டுப் பட்டு.

நீ அனுமந்தன்பட்டிப் பக்கம் வந்ததில்லையா? எங்க பொழப்பே பட்டுப்புழுதான். புழு பழுத்துட்டா சந்திரிகையில, அதான் கூடு கட்டுற மூங்கித் தட்டுல, எடம் விட்டு விடணும். ஒரு புழு ஒரு கூடு. நெருக்கிப் போட்டோம்னு வையி, ரெண்டு புழு சேந்து ஒரே கூட்டைக் கட்டிரும். ரெண்டு இழையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு, நூக்கையில அத்து அத்து வரும். ஏவாரிக அதை ஓரங்கட்டிருவாக.

எங்க தட்டுல அது விழுகவே விழுகாது. வீட்டுக்காரி ஜக்கம்மா, புழுவை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தே பழுத்துருச்சான்னு சொல்லிருவா. ஒண்ணொண்ணா பொறுக்கி விடுவா. நான் கிட்டப் போனா, யோவ், மம்பட்டி புடிக்கிற கையால எம்புள்ளைகளைத் தொடாதன்னு வைவா.

இந்தத் தடவை அவ மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தா. நான் ஒத்த ஆளா அள்ளித் தட்டுல கொட்டுனேன். எல்லாம் ரெட்டை ரெட்டையாக் கட்டிருச்சு. தூக்கிப் போட மனசு வரல. சொல்லி வச்சு நூத்து, தறியில நெய்து வாங்குனேன். அவ தடவிப் பாத்துட்டு, நான் இல்லாட்டி உன் லச்சணம் இதான்னு சிரிச்சா. ஆஸ்பத்திரியில இருந்து வந்தவ அன்னைக்குத்தான் சிரிச்சா.

இப்ப நல்லாயிருக்கான்னுதான் சொல்லணும். ஆனா வெளிய வரமாட்டேங்குறா. மக சினேகாவுக்கு வீரபாண்டி கோயில்ல கல்யாணம். பெத்தவ என்னடான்னா, சீலைக்கு மேல துண்டைப் போத்திக்கிட்டு, நீ போயி தாரைவாத்துக் குடுங்கிறா. பொண்டாட்டி உசுரோட இருக்கையில நான் தனியா எப்படித் தாயி நிக்கிறது? மக வேற, அம்மா வராட்டி எனக்குக் கல்யாணமே வேணாம்னு உக்காந்துட்டா.

வழுவழுன்னு உள்ள பட்டு ஒடம்போட ஒட்டும். இது மொரமொரப்பு, ஒட்டாது, அதுபாட்டுக்கு வெறைச்சு நிக்கும். இதைத் தச்சுக் குடுத்தா ஒருவேளை கெளம்புவா.

அளவு ஜாக்கெட்டா? இந்தா, அவளோட பழசு. கழுத்து மட்டும் கொஞ்சம் ஏத்தி வையி. தோளு, கையி, வலப்பக்கம் எல்லாம் இதே அளவுதான். இடப்பக்கம் டாட் புடிக்க வேணாம் தாயி, தட்டையா வெட்டிரு. அங்கன எடுத்துட்டாக.