வெளிச்சம் கசியாத துணி

வெல்வெட் மட்டும் வாங்கிவிடாதீர்கள், ஐயா. பார்வைக்கு நன்றாக இருக்கும். மேலே தூக்கினால் மடியாமல் உப்பிக்கொண்டு நிற்கும். பட்டு வழுக்கும். ஜன்னலுக்குப் போடும் மடிப்புத் திரைக்கு நெருக்கமாக நெய்த பருத்திதான் சரி. கயிற்றை இழுத்தால் அடுக்கடுக்காக ஏற வேண்டும். கடையில் வாங்கியதா என்று உங்கள் காவலரே கேட்டார். நான் தைத்தது.

பக்கவாதத்தில் விழுந்த பிறகு என் கணவருக்குப் பேச்சு இல்லை. ஒரு கை மட்டும் அசையும். அந்தக் கைக்கு எட்டும்படி நாத்தனார் ஒரு விளக்கு சுவிட்ச் மாட்டிவைத்தாள். அவள் இருப்பது எதிர்வீட்டில். அவசரம் என்றால் அவர் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார். ஜன்னல் வழியே பார்த்து ஓடிவருவாள்.

வந்தால் சும்மா போவாளா?

"அண்ணன் தொண்டை காஞ்சு கிடக்காரு. நீங்க என்ன அண்ணி, மெஷினைக் கட்டிக்கிட்டு அழறீங்க?"

"இப்பதான் தண்ணி குடுத்தேன்."

"குடுத்திருந்தா என்னை எதுக்குக் கூப்பிடுறாரு?"

அவளைப் பார்த்து அவர் பாதி வாயால் சிரிப்பார். அந்தப் பாதிச் சிரிப்புகூட எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

துணிக்கடையில் ஒவ்வொரு துணியையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

"வீட்டுல சினிமா கொட்டகை வைக்கப்போறீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்காரருக்கு வெயிலில் கண் கூசுகிறது என்றேன். பின்பக்கம் கறுப்புத் துணி சேர்த்துத் தைத்தேன். அவர் அறை ஜன்னலில் மாட்டியதும் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்று பார்த்தேன். பொட்டு வெளிச்சம்கூட இல்லை.

திரை எதற்கென்று நாத்தனார் சந்தேகமாகத்தான் கேட்டாள். "துணிதானேம்மா, விளக்கு எரிஞ்சா தெரியாதா?" என்றேன். நம்பினாள்.

அன்று சாயங்காலம் நல்ல மழை. திரையை இறக்கிவிட்டு, கூடத்து ஜன்னலுக்கு இன்னொன்று தைத்துக்கொண்டிருந்தேன். நூல் கோக்க மெஷினை நிறுத்தியபோது சுவிட்ச் சத்தம் கேட்டது. டக், டக் என்று, விடாமல். நூலைக் கோத்துவிட்டு மறுபடி மிதித்தேன். விளிம்பு முடிந்தபோது சத்தமும் முடிந்திருந்தது.

வருத்தம் தெரிவித்தால் நல்லது என்கிறார் வக்கீல். எதற்கு? தையலில் ஒரு குறை காட்டட்டும், தெரிவிக்கிறேன். நான்தான் கொன்றேன் என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்கிறாள். சொல்லட்டும். உயிர் போகிற அவசரமாக இருந்திருந்தால் அவள் ஓடிவந்திருப்பாளே, ஐயா? வரவில்லையே. இத்தனைக்கும் அன்று முழுக்க எங்கள் ஜன்னலைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருந்தாளாம்.