மானுக்கு வந்த டாக்டர்

இதெல்லாம் ஒரு மறியலா? நீங்களே சொல்லுங்க தம்பி. ரோட்டு நடுவுல ரெண்டு மரக்கட்டை, ஒரு ஓட்டைப் படகு, அதுக்கு மேல சோபா! சோபா போட்டு எவனாவது ரோட்டை மறிப்பானா? எதுத்து நிக்க வந்தானுங்களா, சாஞ்சு உக்கார வந்தானுங்களா? ஆட்டு ரோமம் கத்தரிக்கிற ஆளுங்க சங்கத்துல நான் செயலாளரா இருந்தப்ப நாங்க பாலத்துப் பலகையையே பிடுங்கினோம். அதுக்குப் பேரு மறியல்!

ஐயோ, ஜன்னலை மூடுங்க! இந்தக் காத்து உங்க ஊருக் காத்து இல்ல, பஸ்ஸையே கவுத்துடும். தலைநகர் சாந்தியாகோவிலேர்ந்தா வர்றீங்க? அதான பாத்தேன். டிசம்பர் மாசம் கோடைன்னு எவனோ சொன்னான், அரைக்கால் சட்டையில கிளம்பிட்டீங்க. காலைல வெயில், இப்ப ஆலங்கட்டி, சாயங்காலம் என்னன்னு அந்த மலைக்கே தெரியாது. இந்தாங்க, மாத்தேக் கஷாயம் குடிங்க, ஒடம்பு சூடாகும். குழாயை ஆட்டாதீங்க! இலை கலங்கிடும்... ம், அப்படித்தான்.

எதைப் பாக்க வந்தீங்க? உவேமுல் மானா? ஹா! எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. பூமாவைப் பாக்கணும், காண்டோர் கழுகைப் பாக்கணும், மானைப் பாக்கணும். இங்க மனுசன்னு ஒருத்தன் இருக்கான், அவனைப் பாக்கணும்னு எவனாவது டிக்கெட் எடுத்திருக்கானா? பூமா என் மச்சினன் ஆட்டைத் தின்னா அது இயற்கை. மச்சினன் பூமாவைச் சுட்டா அது குற்றம். நல்ல சட்டம்! எழுதினவன் வீட்டுல ஆடு இருக்காது.

அந்த மான் சங்கதியைக் கேளுங்க. போன வசந்தத்துல ஒரு மானுக்குக் கண்ணுல சீழ் பிடிச்சுது. ஒரே ஒரு மான். ஹெலிகாப்டர்ல டாக்டர் வந்தான் தம்பி! மயக்க ஊசி போட்டான், கண்ணைக் கழுவினான், மருந்து விட்டான், அது எழுந்து நடக்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தான். கேட்டா, அது நாட்டுச் சின்னமாம், அரசாங்க முத்திரையிலேயே நிக்குதாம். சரி, நிக்கட்டும். நான் எந்த முத்திரையில நிக்கிறேன்? அந்த மான்கிட்ட போன வருசமே பேரு குடுத்தியான்னு எவனாவது கேட்டானா? எங்களைக் கேக்குறான்! இந்த மாகாணம் முழுசுக்கும் கண்ணு டாக்டர் வருசத்துக்கு ஒரு தடவைதான் கொய்யாய்க்கே டவுனுக்கு வர்றான். வர்றான், வெட்டுறான், பிளேன் ஏறிடுறான். அதுக்குத்தான் இந்த மறியல். வருசம் பூரா இங்கயே இருக்குற டாக்டர் வேணும். நியாயமான கோரிக்கை... கோரிக்கையில குத்தம் இல்ல. நடத்துறவனுங்கதான்...

மாத்தே போதுமா? பேசவே மாட்டேங்குறீங்க. நல்லது. பேசுறவன்தான் எல்லாத்தையும் கெடுக்குறான்.

எனக்கு எப்படின்னு கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. உங்க மூஞ்சியே ஒரு வெள்ளைப் பூசணி மாதிரிதான் தெரியுது, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்கு மதியம் கொய்யாய்க்கேல எனக்கு ஆபரேஷன். போன தடவை பனி விழுந்து ரோடு மூடிப்போச்சு, போக முடியல. இன்னைக்கு விட்டா அடுத்த வருசம்தான். அதுவரைக்கும் இந்தக் கொஞ்ச வெளிச்சம் தாங்காதுன்னு நர்ஸம்மா சொல்லிடுச்சு.

எறங்கிப் போய்க் கேக்கலையான்னு நினைப்பீங்க. கேட்டேனே! தடுப்புல நிக்குதே யாஸ்னா, ரொட்டிக்கடைக்காரர் மக, அதுகிட்டதான். 'தோன்'னு மரியாதையாக் கூப்பிட்டுட்டுத்தான் சொல்லுது. "தோன் எலெவுத்தேரியோ, படுத்துக்கிட்டு ஆம்புலன்ஸ்ல வந்தா வழி உண்டு. உக்காந்துக்கிட்டு வந்தா கிடையாது. சொந்தக்காரன், சங்கத்துக்காரன், எவனுக்கும் விலக்கு இல்ல. இது யார் போட்ட விதி?"ன்னு கேக்குது. வாய் வாய்! எல்லார் முன்னாடியும்!

யார் போட்டதா? ...நான்தான் போட்டேன். மறியலே என் யோசனைதான், போதுமா? பள்ளிக்கூடத்துக் கூட்டத்துல நான்தான் எழுந்து பேசினேன், கைத்தட்டல் கூரையைத் தூக்கிச்சு. அடுத்த வாரம் தொடங்குறதாத்தான் பேச்சு. மந்திரி இன்னைக்கு வர்றார்னு தெரிஞ்சதும் முன்னாடி இழுத்துட்டானுங்க. நான் என்ன சொல்லட்டும்? "தோழர்களே, என் கண்ணு ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் மக்களைப் பாப்போம்"னா?

ஆம்புலன்ஸ் டிரைவர் கூடக் கூப்பிட்டான். "ஏறிப் படுங்க தோன், நான் போர்த்தி விடுறேன்"னான். போடான்னுட்டேன். இன்னைக்கு நான் படுத்தா, நாளைக்குப் பண்ணை முதலாளி எல்லாம் படுத்துக்கிட்டே போவான்.

இருங்க இருங்க, ஒலிபெருக்கியில என்னமோ... மந்திரியோட ஆளு வந்திருக்கானாம். கமிட்டி போடுறானாம். ரோட்டைத் திறந்தா பேசலாமாம். கமிட்டி! நாப்பது வருசமா எனக்குக் கமிட்டி போட்டே காட்டுறானுங்க. ஓட்டுக்கு விடுறாங்க, கையைத் தூக்கணும். திறக்கலாம்னு நிறையக் கை எழும்பும், பாருங்க. மறியல்ல சுட்டுத் தின்ன ஆட்டுக்கறி தீந்துபோச்சுல்ல!

திறந்தா இந்த பஸ் போயிடும்... மதியத்துக்குள்ள போய்ச் சேந்துடலாம்... ஆமா. தெரியும். கணக்கு எனக்கும் வரும்.

தம்பி, கொஞ்சம் கையைப் பிடிச்சு எறக்கி விடுங்க. படிக்கட்டு தெரியல. தம்பி?... என்னது இது... பையா? சீட்டுல ஆளில்லாம வெறும் பையா? எப்ப எறங்கினான் இவன்? நான் யாருகிட்ட இவ்வளவு நேரம்... சீ! அந்தக் கழுகைப் படம் பிடிக்கப் போயிருப்பான்.

போகட்டும். ஜன்னல் இருக்குல்ல.

ஏய் யாஸ்னா! இங்க பாரு, பஸ்ல! நான்தான், எலெவுத்தேரியோ! கையைத் தூக்கியிருக்கேன், தெரியுதா? எண்ணிக்கோ! திறக்கக் கூடாது! டாக்டர் வந்து இங்க குடியேறுற வரைக்கும் திறக்கக் கூடாது!