வாசல்ல போட்ட கோடு

— நீ வந்திருக்கேன்னு கிட்டுவுக்குத் தெரியுமா ஜெபா?

— தெரியாது ப்ரியாக்கா. அதான் பின்னாடியே நின்னுகினு கீறேன். டிரம்ஸ்ல என் எடத்துல ஒக்காந்துகினு கீறான் பாரு, அந்தப் புதுப் பையன். கேளேன், பாட்டு நடக்குது, அவன் தாளம் ஓடுது.

— கீழ ரோட்டுல, பெருங்களத்தூர் சிக்னல்ல அடிக்கற ஹாரனும் இதுவும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது.

— உன் தம்பி பாடறான்க்கா!

— பாடறான். நின்னு நின்னு கால் வலிக்குது. வேற ஒண்ணும் தோணல.

— இந்தா, இந்தப் பொட்டி மேல ஒக்காரு. அப்பா எப்டி கீறாரு?

— அப்படியேதான் இருக்கார். வலது கை, கால் இன்னும் வரல. பகல்ல பாத்துக்க ஆள் வருது. ராத்திரி மூணு தடவை நான் எழுந்து திருப்பிப் படுக்க வைக்கணும். இப்ப பக்கத்து வீட்டு மாமி இருக்காங்க. பத்து மணிக்குள்ள போயிடணும்.

— கிட்டு ஒதவ மாட்டானா?

— பிராக்டிஸ் முடிஞ்சு ஒரு மணிக்கு வருவான். அவனுக்குக் கதவைத் தொறந்து விடறதும் நான்தான்.

— கஷ்டம்க்கா.

— கஷ்டம்னுகூட இப்பல்லாம் தோணறதில்ல. பல்லு தேய்க்கற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு வருஷம்.

— வாசல்ல டிக்கெட் குடுக்கற ஜான்சி, ‘எந்த பேண்டு பாக்க வந்தீங்க’ன்னு கேட்டு நோட்டுல கோடு போட்டா இல்ல? நம்ம ‘ரெண்டாம் பிளாட்பார’த்துக்கு இருபது கோடு விழணும். இல்லாங்காட்டி இனிமே இந்த கிளப்புல சான்ஸ் கெடையாது.

— தெரியும். இருபது வரலைன்னா கிடாரைப் பரண்ல போட்டுட்டு ஒரகடத்துல வேலைக்குப் போறேன்னு அப்பா தலையில கை வச்சுச் சொல்லியிருக்கான். பகல் ஷிஃப்ட். ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடலாமாம்.

— மெய்யாலுமா? அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. என்னாண்ட கேட்டப்ப நான் ‘உப்புத்தண்ணி’ன்னு சொல்ட்டேன்.

— அடுத்து வாசிக்கப் போறவங்களா?

— ஆமா. காண்டு. படப்பையில கம்பெனி ஷிப்டு முடிச்சு லேட்டா வரேன்னு தூக்கிட்டான் இல்ல என்னிய? நாலு வருஷம்க்கா. எங்க சர்ச்சு டிரம்ஸ கெஞ்சி வாங்கியாந்து வாசிச்சவன் நானு.

— உனக்குக் கோவமாவது வருதே.

— இப்ப பேஜாரா கீது. கடைசி பாட்டு முடிஞ்சா நோட்ட மூடிடுவா. போய் மாத்தினு வரேன்.

— உக்காரு ஜெபா.

— ரெண்டே நிமிசம்க்கா, இதோ வந்துட்டேன்.

— ஜெபா! இரு!

— மாத்திட்டேன்க்கா! ஆனா என்னோட சேத்தே பத்தொம்போதுதான் கீது.

— அப்படியா.

— இன்னாக்கா அப்படியான்ற? ஒண்ணே ஒண்ணு கொறையுது!

— எனக்கு மதுரைக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு. பிரமோஷனோட. ராத்திரி அப்பாவைப் பாக்க ஆளில்லன்னு ரெண்டு தடவை வேண்டாம்னு எழுதிக் குடுத்தாச்சு. திங்கக்கிழமை பதில் சொல்லணும். மூணாவதும் வேண்டாம்னா அப்புறம் கூப்பிட மாட்டாங்க.

— அத அப்பால பேசலாம்க்கா. தோ, உன்னத்தான் தேடறான் பாரு. பாத்துட்டான், சிரிக்கிறான். கைய தூக்கு.

— தூக்கிட்டேன்.

— கடைசி பாட்டு ஆரம்பிச்சுட்டான். இரு, தலைய எண்ணிப் பாக்கறேன். பீர்க்கன்காரணை பசங்க ஏழு. எங்க சர்ச்சு ஆளுங்க அஞ்சு. காலேஜ் செட்டு ஆறு. வர்ற வழியிலயே அல்லாரையும் கேட்டுட்டேன், நம்ம பேரத்தான் கரீட்டா சொல்லிகீறாங்க. அப்புறம் நானு, நீ. இருபது கீதுக்கா!

— ம்.

— ஜான்சிதான் ஒரு கோட்ட முழுங்கிட்டா. உன் கோடாத்தான் இருக்கும். போய் ஒரு சத்தம் போட்டா சரியாப்பூடும், வாக்கா.

— அந்தப் பொண்ணு மேல தப்பில்ல ஜெபா. ‘உப்புத்தண்ணி’ன்னு நான்தான் சொன்னேன்.