பதினான்கு மில்லிமீட்டர் துளையும் பையிலிருக்கும் கடிதமும்

மன்றத்தை நடத்தும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! கோடு இழுத்தே கண்ணாடி போட்டுக்கொண்ட மூத்த வரைவாளர்களே! பிள்ளைகளைப் பள்ளிக்கும் வரைபடத்தைப் பட்டறைக்கும் ஒரே காலையில் அனுப்பும் தாய்மார்களே! பின்வரிசையில் கைப்பேசியோடு கலந்துவிட்ட அன்பர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

பத்தாண்டுகளாக வடிவமைப்பு மென்பொருளுக்கு வசதிமேல் வசதி சேர்த்தவன் நான். வட்டம் கேட்டீர்கள், கொடுத்தேன். வட்டத்துக்கு நிழல் கேட்டீர்களா? கேட்கவில்லை, கொடுத்தேன்! நிழலுக்குப் பளபளப்பு கேட்டீர்களா? கேட்கவேயில்லை, அதையும் கொடுத்தேன்! கைதட்டாதீர்கள் ஐயா, இது குற்ற வாக்குமூலம்.

என் அக்கா மருத்துவமனைக் கட்டில் செய்யும் தொழிற்சாலையில் வரைவாளர். வரைவது என் மென்பொருளில். ஓர் அளவை மாற்றினால், நிழல் முதல் பளபளப்பு வரை எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டு அது நிமிர ஏழு நிமிடம். ஒரு நாளைக்கு நாற்பது மாற்றம் வந்தால் மனுஷி என்ன செய்வார்? தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவைத்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான். கிளம்பும்போது புதுப்பிக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டுப் போவது எழுதாத சட்டம்.

ஒரு நாள் அக்கா அழுத்த மறந்தார். போல்ட் பெரிதானதால் துளையைப் பன்னிரண்டிலிருந்து பதினான்கு மில்லிமீட்டராக்கியிருந்தார். பட்டறைக்குப் போன தாளிலோ பழைய பன்னிரண்டே நின்றது. அறுபது கட்டிலுக்குத் தகடு வெட்டியாகிவிட்டது!

ஒரு கையில் தகடும் மறுகையில் போல்ட்டுமாக ஃபிட்டர் மாடியேறி வந்தார். “மேடம், நீங்களே போட்டுப் பாருங்க. எனக்கு உள்ள போகமாட்டேங்குது.”

அக்காவுக்கும் போகவில்லை. மேலாளர் பணிநீக்கக் கடிதத்தைத் தயார் செய்துவிட்டார்.

மறுநாள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் மென்பொருளின் நானூறு பொத்தான்களில் அவர் தொட்டவை பதினொன்று!

“தம்பி, ஒவ்வொரு தடவையும் ‘புதுசா என்னக்கா வேணும்?’னு கேப்பே. எதை எடுக்கணும்னு ஒரு தடவையாவது கேட்டியாடா?”

வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது எனக்கு. மேலாளரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். அவர் அசரவில்லை.

“அப்படின்னா எல்லார் முன்னாடியும் நிரூபிங்க. அதுவரைக்கும் இந்தக் கடிதம் என் சட்டைப் பையிலதான் இருக்கும்.”

அதோ, முதல் வரிசையில் அதே பையோடு அமர்ந்திருக்கிறார்!

நான்கு மாதம் உழைத்தோம் தோழர்களே! நிழலை நீக்கினோம், பளபளப்பைப் பறித்தோம், பெருமைக்காகச் சேர்த்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தோம். புதிதாக என்ன இருக்கிறது என்று அங்கே ஓர் அன்பர் கேட்கிறார். ஒன்றுமே இல்லை ஐயா! அதை உரக்கச் சொல்லத்தான் மேடையேறினேன்!

இதோ கணினி முன்னால் அக்கா. அதே கட்டில், அதே துளை. தானாகப் புதுப்பிக்கும் வசதி இப்போது இயங்குகிறது. நான் நன்றி சொல்லத் தொடங்கியதும் பன்னிரண்டைப் பதினான்கா மாத்துங்கக்கா.

“நீ மொதல்ல மூச்சு விடுடா!”

விட்டுவிட்டேன். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், பொறுமையாகக் கேட்ட... அடடா! தாளில் பதினான்கு வந்துவிட்டது! என் நன்றியில் பாதி இன்னும் வாயிலேயே இருக்கிறது!

மேலாளர் ஐயா, கை பைக்குப் போகிறதே? கிழியுங்கள். இந்த ஒலிபெருக்கிக்குக் கேட்கும்படி கிழியுங்கள்!

கேட்டது. மீதி நன்றி அந்தக் கைக்கு. வணக்கம்!