மூச்சு முட்டிய படகு

ராகலையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

"தோட்டத்துத் தொரையோட படகுக்கு மூச்சு முட்டிப்போச்சுக்கா."

"படகு மூச்சு விடுமா?"

"பெட்ரோல் டாங்கி படகுக்குள்ளயே இருக்கு. அது காத்து வாங்குற ஓட்டை வெளிப்பலகையில இருக்கு. அது அடைச்சிருந்தா பெட்ரோல் எறங்காதாம். நடுக்குளத்துல இஞ்சின் நின்னுபோச்சு. தொரசாணி அழுதிருச்சாம். கூடப் போன எங்க வீட்டுக்காரருதான் டாங்கி மூடியத் தொறந்தாரு. உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு, இஞ்சின் ஓடிருச்சு."

"கெட்டிக்காரருதான். ஓட்டைய யாருடி அடைச்சது?"

"அவருதான்." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம கோயில் தேருக்குச் செய்யிற மாதிரியே மரத்தூளும் பசையும் கொழச்சு மக்கு வச்சு அடைச்சு, பெயிண்ட் அடிச்சாரு. அவரு கைபட்டா ஒரு ஓட்டை மிஞ்சுமாக்கா?"