காட்டு உள்ளி

ஈருள்ளி உரித்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வராது. உங்கள் பக்கம் சின்ன வெங்காயம் என்பீர்கள். அம்மா காலராவில் போன பிறகு எங்கள் வீட்டு அடுப்பு என் பொறுப்பாகிவிட்டது. தங்கச்சி பிளாரன்ஸுக்குக் கண் எரியுமே என்று அவள் வளர்ந்த பிறகும் நான்தான் உரித்துக் கொடுத்தேன். அவளுக்குக் கல்யாணம் நடந்த அன்றுகூட என் விரலில் அந்த வாசனை இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, என்னை முரடன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இந்த ரோச் யாரையாவது கைநீட்டி அடித்திருக்கிறானா என்று கடற்கரையில் எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் காட்டு உள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். மாப்பிள்ளையூரணிக்கு வடக்கே உடங்காடு இருக்கிறது. உடை மரங்கள் குடை விரித்தாற்போல நெருங்கி நிற்கும். உச்சி வெயிலிலும் அடியில் மண் குளிர்ந்தே இருக்கும். வருஷம் முழுக்க அங்கே முள்ளும் சருகும்தான். ஐப்பசியில் முதல் மழை இறங்கினால் மட்டும் சருகை விலக்கிக்கொண்டு ஒரு தண்டு கிளம்பும். சாயங்காலம் பூ விரியும். நடுவில் வெள்ளைக் கிண்ணம், சுற்றிலும் ஆறு இதழ். ஒவ்வொன்றும் மெலிந்து, நீண்டு, நுனி வளைந்து கிடக்கும். பிளாரன்ஸ் அதைச் சிலந்திப்பூ என்பாள். மறுநாள் வெயில் ஏறினால் துவண்டுவிடும். தோண்டினால் கிழங்கு பார்வைக்கு உள்ளி போலவே இருக்கும், ஆனால் ஆடுகூட வாய் வைக்காது. தின்றால் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும் என்று விறகு வெட்டுகிறவர்கள் சொல்வார்கள்.

விறகு பொறுக்கப் போன இடத்தில் அதை முதலில் பார்த்தவன் நான். பிளாரன்ஸை மட்டும் கூட்டிப் போய்க் காட்டினேன். வேறு யாரிடமும் சொல்வதில்லை என்று மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒரு கிழங்கை வீட்டில் கொண்டுபோய் வைக்கலாமா என்று கேட்டாள்.

"வேண்டாம்ளா. இந்த நெழல விட்டா அது செத்துப்போயிரும்," என்றேன்.

அவள் நம்பினாள். வருஷா வருஷம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். எனக்கு அதைவிடப் பெரிய திருநாள் கிடையாது.

இனிகோ சங்கு குளிக்கிறவன், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன். பெண் கேட்டு வந்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. குடிக்க மாட்டான், பூசை தவற மாட்டான், யார் மனசும் நோகப் பேச மாட்டான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் மச்சானாக இருக்க வேண்டும், பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன். தன் தங்கை தாலியை இழக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்கிற நம்பிக்கை. அதனால் பிளாரன்ஸை அவன் கையில் கொடுத்தேன், அவன் கயிறு என் கைக்கு வந்தது. நன்றாகவே பிடித்தேன். என்னைப் போல ஒரு மச்சான் வாய்க்காது என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

போன ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம், பிளாரன்ஸைக் காட்டுக்குக் கூப்பிடப் போனேன்.

"காட்டுக்கு எதுக்குண்ணே? இங்கன வந்து பாரு," என்று கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

கிரசின் டப்பா ஒன்றில் சிலந்திப்பூ விரிந்திருந்தது. மேலே ஓலைத் தட்டி கட்டி இனிகோ நிழல் பண்ணியிருந்தான். டப்பாவில் இருந்தது உடங்காட்டு மண்தான், எனக்குத் தெரியாதா?

"செத்துப்போயிரும்னு சொன்னீங்களாம்ல மச்சான்," என்றான் இனிகோ. "அதான் மண்ணையும் நெழலையும் சேத்தே கொண்டாந்துட்டேன்." அதில் கேலி இல்லை. நான் சந்தோஷப்படுவேன் என்றே நினைத்திருக்கிறான்.

பிளாரன்ஸ் அவனைப் பார்த்தாள். முதன்முதலாகக் காட்டில் அந்தப் பூவைக் காட்டியபோது என்னை அப்படிப் பார்த்தவள். பொறாமை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டில் நான் சமைத்த எதுவும் எனக்கு இறங்கவில்லை. பூ வாசனை நன்றாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொல்லிவிட்டு வந்தேன்.

தையில் சர்க்கார் சங்குக் குளி தொடங்கியது. முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் கொல்லைப் பக்கமாக நுழைந்து கிழங்கை எடுத்தேன். காட்டில் அது வேண்டிய மட்டும் கிடந்தது. ஆனாலும் அந்தக் கிழங்கு அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. இலைகளை மட்டும் பழையபடி மண்ணில் சொருகி வைத்தேன்.

சங்கு குளிக்கிறவர்கள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட மாட்டார்கள், கொஞ்சம் நீராகாரம் குடிப்பார்கள். அன்றைக்கு நான் கலயத்தில் கொண்டுபோயிருந்தேன். உப்பு, மிளகாய், நசுக்கிய உள்ளி.

"கசக்குதே மச்சான்," என்றான் இனிகோ.

"பழைய உள்ளி. பிடிக்கலைன்னா கொட்டிரு."

"மொதல் தடவையா உங்க கையால குடுக்கீங்க. கொட்டவா செய்வேன்?" என்று கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பருவம் படுத்துக் கிடப்பான், கைக்கு உதவியாகப் பிளாரன்ஸ் என்னைக் கூப்பிடுவாள், நான் போய் உள்ளி உரித்துக் கொடுப்பேன் என்றுதான் நினைத்தேன். முதலில் இறங்கியபோது ஒன்றும் ஆகவில்லை. வெயில் ஏறிய பிறகு அவன் முகம் வெளிறியிருந்தது. மறுபடியும் இறங்கினான். சற்று நேரத்தில் கயிறு என் கையில் துடித்தது.

துடித்தால் உடனே தூக்க வேண்டும், இது எங்கள் குழந்தைக்கும் தெரியும். நான் கயிற்றைக் கைவிட்டேன் என்று பிளாரன்ஸ் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம், தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான் விடவே இல்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவன் ஆத்துமத்துக்காக ஜெபமாலையில் பத்து மணியையும் நிதானமாகச் சொன்னேன். வள்ளத்தில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. மச்சான் கையில் இருக்கிற கயிற்றை எதற்குப் பார்க்க வேண்டும்? ஜெபம் முடிந்தபோது துடிப்பும் நின்றிருந்தது. பிறகு இழுத்தேன்.

இனிகோவை அடக்கம் செய்தபோது என்னைப் பிடித்துத்தான் பிளாரன்ஸ் நின்றாள். வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், இனிகோ வைத்ததாயிற்றே. நாளாக நாளாக இலை வாடியிருக்கிறது. தொட்டுப் பார்த்தபோது கிழங்கு இல்லாமல் வெறும் இலை கையோடு வந்திருக்கிறது. அது விஷம் என்பது உட்பட, கிழங்கைப் பற்றி அவளுக்கு இருந்த அறிவெல்லாம் நான் கொடுத்தது. அப்படியே நடந்து உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். அவள் காலையில் இருந்து வாசலில் நிற்கிறாள் என்று ஏட்டு சொன்னார். உள்ளே வர மாட்டேன் என்றாளாம். எனக்குத் தூக்கு விழுந்தால் அந்தக் கயிற்றைத் தன் கையால் இழுக்க முடியுமா என்று மட்டும் கேட்டாளாம். ஏட்டுக்கு அதைச் சொல்லும்போதே குரல் நடுங்கியது, பாவம், அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது. கயிறு என்றால் அது சொந்த ரத்தத்தின் கையில்தான் இருக்க வேண்டும் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் தங்கச்சி இன்னும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை, ஐயா.