சோப்புக்காரம்மாவின் மேஜை

அழைப்பு மணியை இப்படி விடாமல் அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் போய்விடும் என்று உங்களுடன் வந்திருக்கும் காவலரிடம் சொல்லி வையுங்கள், மேடம். நான் பின்கட்டுக் குளியலறையில் இருந்தேன், கையெல்லாம் எண்ணெய். துடைத்துக்கொண்டு வருவதற்குள் தெருவே எட்டிப் பார்த்துவிட்டது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி வாருங்கள்.

நீங்கள் சின்னவளைத் தேடி வந்திருக்கிறீர்கள். சோப்புப் பெட்டியின் மேல் அவள் பெயரும் படமும் இருக்கின்றன, அதனால் அவளைத் தேடுவது நியாயம்தான். ஆனால் அந்தச் சோப்பைச் செய்தவள் நான். இதைச் சொன்னதில் உங்கள் வேலை பாதி முடிந்தது. மீதியையும் நானே சொல்கிறேன். நடுவில் குறுக்கிடாமல் இருந்தால் கோவையாக வரும்.

சின்னவள் என்றால் என் கொழுந்தனின் மனைவி. நான் இந்த வீட்டின் மூத்த மருமகள். மாமனார் மாமியார் போன பிறகும் அண்ணன் தம்பி பிரியவில்லை. மாடி அவர்களுக்கு, கீழ்த்தளம் எங்களுக்கு, அடுப்பு ஒன்று. எனக்குப் பிள்ளை இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்தப் பேச்சை எடுத்தாலும் மக்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். அவள் பிள்ளை மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. குட்டி தவழ ஆரம்பித்தது என் பாயில்தான். என் வருத்தமெல்லாம் ஒரு மேஜையைப் பற்றியது.

எனக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குச் சட்டங்களை மாட்டிவிட்டு, "இது நல்லா இருக்கா, முன்னாடி போட்டது நல்லா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பேன். அவர்கள் எனக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடி பதில் சொல்வார்கள். அதில் தங்களைத்தான் பார்ப்பார்கள். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை தெளிய நான் உதவியிருக்கிறேன். தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை அப்படிப்பட்டது.

சோப்பு, கை சும்மா இருக்கக் கூடாது என்று ஆரம்பித்தது. எண்ணெயும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரும்தான் சோப்பு. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட வேண்டும். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினால் பரவாயில்லை, தோல் குடித்துக்கொள்ளும். சோடாவின் காரம் மிஞ்சினால் அது தோலைத் தின்னும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் சோப்பு செய்கிறவர்கள் ஒரு வேலை செய்வோம். கட்டியின் ஓரத்தில் நாக்கு நுனியைத் தொட்டுப் பார்ப்போம். பேட்டரியை நக்கினாற்போல் சுரீரென்றால் அந்தச் சோப்பு கடிக்கிறது என்று அர்த்தம். கடிக்கிற சோப்பை வெளியே விடக் கூடாது. இட்லிபோல் சோப்புக்கும் ஈடுதான் கணக்கு; ஒவ்வொரு ஈட்டையும் நான் நாக்கில் வைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். சின்னவள் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "சோப்பை நக்குறீங்களாக்கா? பெரிய மாமாவுக்கு வைக்கிற ரசத்துக்குக்கூட இவ்வளவு ருசி பாக்க மாட்டீங்களே" என்றாள். நானும் சிரித்தேன். அவள் நகைச்சுவையாகப் பேசக்கூடியவள். அதை மறுக்கவில்லை.

எங்கே விற்பது என்பதற்கு நான் நிறைய அலைந்தேன். முதலில் என் கடையிலேயே கல்லாப் பக்கம் வைக்க முதலாளி அனுமதித்தார். வாங்கத்தான் ஆள் இல்லை. வருகிறவர்கள் கழற்றிய கண்ணாடியை அதன் மேல் வைத்துவிட்டு, "எங்க வெச்சேன்?" என்று தேடினார்கள். பிறகு ஒரு பரிசுப்பொருள் கடை. அவர்கள் வாசனை மெழுகுவத்திகளுக்கு நடுவே அடுக்கினார்கள். ஒரு வாரம் எலுமிச்சையாகப் போன சோப்பு அடுத்த வாரம் ரோஜாவாக வீடு திரும்பியது. அப்புறம்தான் சனிக்கிழமைச் சந்தை கிடைத்தது. நூலகத்தின் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில் ஆளுக்கொரு மடக்கு மேஜை. என் இடப்பக்கம் மரக்கரண்டி செதுக்குகிறவர், வலப்பக்கம் கம்பளிக் குல்லா பின்னுகிற அம்மாள்.

பொழுதுபோக்காகக் கைவேலை செய்கிறவர்கள் யாராவது யோசனை கேட்டால் நான் சொல்வது இதுதான்: வாங்குகிறவரின் முகம் தெரிகிற இடத்தில் விற்க வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் முகம் அவருக்குத் தெரிய வேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் நான் நின்றபோது மக்கள் என்னைப் பார்த்துப் பேசினார்கள். கையை நீட்டிக் காட்டி, இந்த வெடிப்புக்கு எது சரிவரும் என்று கேட்டார்கள். எனக்கு அங்கே சோப்புக்காரம்மா என்று பெயர். கரண்டிக்காரர், "இவங்க சோப்பைப் போட்டுக் குளிச்சுட்டுப் போனா வீட்டுல யாருன்னு கேக்குறாங்க" என்று வருகிறவர்களிடம் எனக்காக விளம்பரம் செய்வார். வாரத்தில் ஆறு நாள் மற்ற எல்லோரும் என்னவாக வேண்டுமானாலும் இருந்துகொள்ளட்டும். அந்த ஒரு காலைப்பொழுது எனக்கு.

அதைத்தான் அவள் எடுத்தாள்.

கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணமே வராது. அதுதான் அவளோடு சண்டை போட முடியாமல் செய்தது. ஒரு நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தாள். ஒரு மேஜைக்கு முன்னால் எத்தனை பேர் வருவார்கள், மழை வந்தால் அதுவும் இல்லை, போனில் போட்டால் ஊரே வாசலில் நிற்கும் என்றாள். எனக்கு மேஜையே போதும் என்றேன். கொழுந்தன், அண்ணிக்கு எதற்கு இந்த வயதில் மூட்டை தூக்குகிற வேலை என்று கரிசனப்பட்டார். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"நீ செய். அவ விக்கட்டும்."

அதற்குப் பிறகு இந்த வீட்டில் அது பழமொழி ஆகிவிட்டது. எதற்கு வாயைத் திறந்தாலும் நீ செய், அவ விக்கட்டும்.

அவள் நன்றாகவே விற்றாள். படம் எடுத்தாள். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் சிரிக்கிற படம்தான் பெட்டியின் மேல் இருப்பது. நானும் ஒரு படத்தில் இருக்கிறேன், மணிக்கட்டு வரை. "கை போதும்கா, மூஞ்சி வந்தா பாக்கறவங்க கவனம் செதறிடும்" என்றாள். சோப்புக்குத் தன் பெயரை வைத்தாள். வாசனை குறைவாகப் போடுகிற வகைக்குப் பாப்பா சோப்பு என்று பெயரிட்டாள். அது எல்லாவற்றையும்விட அதிகமாகப் போனது. அவள் ஒரு நாளும் ஒரு கட்டியை நாக்கில் வைத்தது இல்லை. கேட்டால், "அக்கா நாக்கு பட்டாச்சுன்னா அப்பீலே கிடையாது" என்பாள். பெட்டியைப் பற்றிப் பேசுவாள், ரிப்பனைப் பற்றிப் பேசுவாள், யார் எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்று வாசித்துக் காட்டுவாள்.

சனிக்கிழமை மேஜை என் கையில் இருந்தவரை அவ்வளவும் பொறுத்தேன். பிறகு சந்தை நிர்வாகி தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார், அடுத்த பருவத்துக்கு மேஜை வேண்டுமா என்று கேட்க. நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டுப் போனை எடுத்த சின்னவள், வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறந்துபோய் ஒரு வாரம் கழித்து, துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "உங்க நல்லதுக்குத்தான்கா. இனி சனிக்கிழமை தூங்கலாம்."

புதுப் பருவத்தின் முதல் சனிக்கிழமை நான் தூங்கவில்லை. சந்தைக்குப் போனேன். என் மேஜையில் ஒருவன் கைப்பேசி உறைகளைப் பரப்பியிருந்தான். வெடிப்புக் கைக்காரம்மா ஒருவர், நான் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சோப்பு கொடுத்தவர், அவனிடம் வந்து, இங்கே சோப்புக்காரம்மா ஒருத்தர் இருந்தாரே என்று விசாரித்தார். அவன் தெரியாது என்றான். அந்த அம்மாள் திரும்பி, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று என்னிடமே கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேடம், நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. யோசித்தேன். போனில் இருக்கும் கடை மூடினால் மேஜை திரும்ப வரும். கடை மூட வேண்டுமானால் வாங்கியவர்கள் புகார் எழுத வேண்டும். பெரியவர்களுக்கு அரிப்பு வந்தால் வெயில் என்பார்கள், புதுச் சட்டை என்பார்கள், சோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஒன்று வந்தால்தான் பெற்றவர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். அதனால் பாப்பா சோப்பு. இதில் வேறு உள்நோக்கம் தேட வேண்டாம். எந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்கும் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம், வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தபோது அந்த ஈட்டைப் போட்டேன். எண்ணெயைக் குறைத்தேன். காரத்தைக் குறைக்கவில்லை. உலர வைக்க வேண்டிய வாரங்களையும் கொடுக்கவில்லை. அறுத்துப் பார்த்தபோது மேலே மெல்ல வெள்ளை பூத்திருந்தது. நாக்கில் வைத்தேன். நாக்கு நுனி கொப்புளம் போட்டு, மறுநாள் வரை சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை. ஆக, சோதிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம். சோதித்துத்தான் அனுப்பினேன். என் வேலையில் அந்த ஒழுங்கு எப்போதும் உண்டு.

பெட்டிகளில் அடைத்து ரிப்பன் கட்டியது சின்னவள். அவளுக்கு எதுவும் தெரியாது. அதை நான் எழுதிக் கையெழுத்தும் போடுகிறேன்.

கேட்காதீர்கள் என்றேன், நீங்கள் முகத்தால் கேட்கிறீர்கள். நான் நினைத்தது சிவப்பு, தடிப்பு, கொஞ்சம் அழுகை. இரண்டு குழந்தைகளுக்குத் தோல் உரிந்தது என்று கேள்விப்பட்டேன். ஒரு கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் சின்னவள் போனில் வாசித்தாள், ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. அவளுக்குக் கை நடுங்கியது. எனக்கு நடுங்கவில்லை. செய்தது தெரிந்திருந்தால் நடுக்கம் வராது. தெரியாதவர்களுக்குத்தான் வரும்.

அப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கடை மூடியாயிற்று, சந்தை நிர்வாகியிடமும் பேசியாயிற்று, மூலையில் ஒரு மேஜை காலியாகும் என்றார். பிறகு பத்திரிகையில் அவள் பெயர் வந்தது. டிவியில் பெட்டியைக் காட்டினார்கள், அவள் படத்தோடு. தெருவில் போகிறவர்கள் மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் கணவர் அவளை எப்படிக் காப்பாற்றுவது என்று வக்கீலிடம் ஓடினார். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நாள் தவறாமல் சோப்பு செய்கிறவள் பின்கட்டில் இருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்லது செய்தபோதும் அவள் பெயர். இதுவுமா அவள் பெயரில் போக வேண்டும்? செய்தவள் நான். அதனால்தான் உங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எங்கேயும் சேர்க்காதீர்கள். மறுபடியும் அந்த மேஜையை யாராவது என்னைக் கேட்காமல் கொடுத்தால் மறுபடியும் இதையேதான் செய்வேன்.

குட்டியைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆமாம், எங்கள் வீட்டுப் பிள்ளையும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து முதல் புகார் வருவதற்கு முன்பே. நுரை கண்ணுக்குள் போய்விட்டது. வலது கண் பிழைக்குமா என்று கட்டைப் பிரித்த பிறகுதான் சொல்வார்களாம். சோப்பிலேயே கோளாறு என்று அப்போது டாக்டருக்கே பிடிபடவில்லை. சின்னவள் அங்கேயேதான் கிடக்கிறாள், துணிமணி எடுக்க மட்டும் வந்து போகிறாள். அந்த ஒன்று மட்டும் நான் போட்ட கணக்கில் இல்லை. எல்லாப் பெட்டிகளும் வெளியே போக வேண்டியவை. வீட்டுக்கு என்று நான் எதையும் ஒதுக்கவில்லை. அவளே அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். என் கையால் நான் கொடுக்கவில்லை. தற்செயல். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அதோ, வந்துவிட்டாள். எவ்வளவு நேரமாகக் கதவருகில் நிற்கிறாள் என்று தெரியவில்லை. தோளில் குட்டியின் துணிப்பை. உங்கள் காவலர் அவளைத் தடுக்க வேண்டாம். அவள் வீடு இது.

உள்ளே வா என்று சொன்னேன். வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுவாள், கத்துவாள் என்று நீங்களும் எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது, எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கடையில் சில்லறை கேட்பவள்போல, மெதுவாக.

"அக்கா, குட்டியக் குளிப்பாட்ட அந்த அடுக்குலேர்ந்து நான் ஒண்ணு எடுத்தப்போ, நீங்க அங்கதான நின்னுட்டிருந்தீங்க?"

இதுவரை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன், இதில் மட்டும் எதற்குப் பொய்.

"நின்னுட்டிருந்தேன்மா. நீ அதைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அழகா வந்திருக்குக்கான்னு சொன்னே. இந்த வீட்டுல என் சோப்பை அப்படி ஒருத்தர் சொன்னது அதுதாம்மா மொதத் தடவை."